மண்டபம் கேம்ப் முதல் மான்செஸ்டர் வரை: சேர்ந்து வாழ எவ்வளவு சம்பளம் வேணும்?

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில்ல போயிருக்கீங்களா? ராமநாதபுரம், உச்சிப்புளி எல்லாம் தாண்டினா, பாம்பன் பாலத்துக்கு முன்னாடி ரெண்டு ஸ்டேஷன் அடுத்தடுத்து வரும். ஒண்ணு 'மண்டபம் கேம்ப்', இன்னொண்ணு 'மண்டபம்'. சின்ன வயசுல அந்த போர்டைப் பார்க்கும்போது, இலங்கை அகதிகள் முகாம் இருக்கறதால வந்த பேருன்னு நினைச்சிட்டிருந்தேன். அகதிகள் வந்தது 1983-க்கு அப்புறம். அந்தப் பேரு அதுக்கு அறுபது, எழுபது வருஷம் மூத்தது.

இன்னைக்கு எபிசோட் அந்த கேம்ப்ல தொடங்கி, எங்க சித்தப்பா பொண்ணோட ஸ்பவுஸ் விசாவுல வந்து முடியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். கேளுங்க.

அக்காவோட எக்செல் ஷீட்

அக்காவுக்கு 2023 நவம்பர்ல நிச்சயம் ஆச்சு. மச்சான் மான்செஸ்டர்ல இருக்கார், அங்கே நிரந்தர வசிப்புரிமை வாங்கினவர். மனைவியைக் கூட்டிட்டுப் போகணும்னா வருஷத்துக்கு 18,600 பவுண்ட் சம்பளம் இருக்கணும். 2012-லேர்ந்து அதுதான் கணக்கு. மச்சான் 26,000 வாங்கிட்டிருந்தார். பிரச்சனையே இல்லைன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தோம்.

2024 ஏப்ரல் 11-ஆம் தேதி அந்தத் தொகை 29,000 பவுண்ட் ஆயிடுச்சு. மே மாசம் கல்யாணம். அதாவது நிச்சயத்தன்னிக்குத் தகுதியா இருந்த மாப்பிள்ளை, தாலி கட்டின அன்னிக்குத் தகுதி இல்லாதவர்.

இதுல கொடுமை என்னன்னா, அக்கா சென்னையில நல்ல கம்பெனியில வேலை பார்க்கறாங்க. ஆனா இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கறப்போ, இங்கே வாங்கற சம்பளம் அந்தக் கணக்குல சேராது. சம்பளத்துக்குப் பதிலா சேமிப்பை மட்டும் காட்டறதுன்னா 88,500 பவுண்ட் ஆறு மாசமா பேங்க்ல இருக்கணும். அவ்வளவு பணம் இருந்தா அவர் ஏன் ஷிஃப்ட் பார்க்கப் போறார்?

அப்புறம் மருத்துவச் செலவு. அங்கே அரசு மருத்துவமனையைப் பயன்படுத்த, வருஷத்துக்கு 1,035 பவுண்ட்னு முன்கூட்டியே கட்டணும். முதல் விசா 33 மாசம். அதை மூணு வருஷமாக் கணக்கு பண்ணி 3,105 பவுண்ட். நம்ம காசுல மூன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். விசா கட்டணம் தனி.

மச்சான் வேலை மாறினார். புது கம்பெனியில ஆறு மாசச் சம்பளச் சீட்டு சேரணும், அதே தொகை பேங்க் ஸ்டேட்மென்ட்ல விழுந்திருக்கணும். அக்கா இதுக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டு, தேதி தேதியா கலர் அடிச்சு வச்சிருந்தாங்க. ஒரு நாள் ராமநாதபுரம் வீட்டுல உட்கார்ந்து அதை எனக்குக் காட்டிட்டிருக்கும்போது, பக்கத்துல வெத்தலை இடிச்சிட்டிருந்த எங்க அப்பத்தா கேட்டாங்க: "ஏத்தா, கட்டுன புருசன்கூட இருக்குறதுக்குமா சம்பளச் சீட்டு கேக்குறான்? அந்தக் காலத்துல சிலோனுக்குத்தான் இப்படிக் கேட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு."

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

தகரத் துண்டும் கடன் துண்டும்

இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ராமநாதபுரம் அதில் ஒன்று. தொடக்கத்தில் கடலைத் தாண்டிக் காட்டு வழியாக நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். நோய் நாட்டுக்குள் வருவதைத் தடுக்க இலங்கை அரசு ஒரு ஏற்பாடு செய்தது. ஆட்களை இந்தியக் கரையிலேயே நிறுத்தி, சோதித்து, பிறகு கப்பல் ஏற்றுவது. அதற்கான முகாம் முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் இருந்தது, பிறகு மண்டபத்துக்கு மாறியது.

மாறியதற்குக் காரணம் ரயில். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதுதான் நாம கேள்விப்பட்டிருக்கற 'போட் மெயில்' பாதை. ஆக, இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய ஒரு முகாம். இன்னொரு நாட்டோட எல்லைச் சோதனை நம்ம ஊர்லயே நடந்திருக்கு. இன்னைக்கு விசா சென்டர்ல கைரேகை வைக்கறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. அம்மை குத்துவது, துணிகளைக் கிருமிநீக்கம் செய்வது, சில நாட்கள் தங்க வைத்து நோய் வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் அங்கே நடந்தது.

செலவை யார் கொடுத்தது? இதுதான் முக்கியமான கேள்வி. 1900-களின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' என்று ஒரு முறை வந்தது. தோட்டத்தின் எண் அடித்த ஒரு சின்னத் தகர வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தால் ரயில், கப்பல், முகாம் சாப்பாடு எதற்கும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டாம். கேட்க நல்லா இருக்கு இல்ல? ஆனால் அந்தச் செலவு முழுவதும் தோட்டத்தின் கணக்கில் ஏறி, கங்காணி வழியாகத் தொழிலாளியின் தலையில் கடனாக விழுந்தது. வேலைக்குச் சேரும் முதல் நாளே கடன்காரன்.

வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனை யாராவது அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனை அடைக்கும், ஆனால் கடன் தீராது. ஆளோடு சேர்ந்து அதுவும் புதுத் தோட்டத்துக்குப் போகும்.

1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1922-ல் இந்தியாவில் குடிப்பெயர்வுச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து 1923-ல் இலங்கைக்கு ஆள் அனுப்பும் விதிகள் மாறின. முதலாளிகள் எல்லாரும் பணம் போடும் ஒரு பொது நிதி உருவானது. பயணம், முகாம், சாப்பாடு எல்லாம் அந்த நிதியிலிருந்து. தொழிலாளியிடம் திரும்பக் கேட்கக் கூடாது. அது மட்டுமில்ல, போன ஒரு வருடத்துக்குள் உடம்பு சரியில்லை, வேலை ஒத்துவரவில்லை, அநியாயமாக நடத்துகிறார்கள் என்றால், இலவசமாக ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. இது ஒரு வகையான இன்சூரன்ஸ். பிரீமியம் கட்டினது முதலாளி. இப்போ அக்கா கட்டற 3,105 பவுண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, அன்னைக்கு தேயிலைக்கு ஆள் வேணும். ஆள் வேணும்னு நினைக்கறவங்க செலவை ஏத்துக்கிட்டாங்க. மனைவி வேணும்னு நினைக்கறது ஒரு தனி மனுஷன், அதனால செலவு அவனோடது. 1923 விதிகளால தோட்ட வாழ்க்கை சொர்க்கமாயிடலை, அதையும் சொல்லிடறேன். லயன் அறையும் நாள் கூலியும் அப்படியேதான் இருந்தது.

"நிச்சயமான வருமானம்"

இப்போ கதையோட நடு மையத்துக்கு வர்றோம்.

1939 ஆகஸ்டில், இலங்கைக்குத் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசே தடை செய்தது. இலங்கை அரசு தன் வேலைகளிலிருந்து இந்தியர்களை நீக்கியதற்கு எதிர்வினை அது. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் குடியுரிமைச் சட்டம். தானும் தன் தகப்பனும், அல்லது தகப்பனும் பாட்டனும், இலங்கையில் பிறந்ததைக் காட்டினால்தான் வம்சாவளிக் குடிமகன். பிறப்புப் பதிவே இல்லாத மக்களிடம் பாட்டனின் பிறப்பைக் கேட்டால் என்ன ஆகும்? தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அவர்களுக்கென்று ஒரு கதவைத் திறப்பதாகச் சொல்லி வந்தது 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். மனு போட்டால் பரிசீலிப்பார்கள். நிபந்தனைகள் என்ன? கல்யாணம் ஆனவர் என்றால் 1946-க்கு முன்னால் ஏழு வருடம் தொடர்ச்சியாக இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஆகாதவர் என்றால் பத்து வருடம். அதற்குப் பிறகும் மனு போடும் நாள் வரை தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நிபந்தனையைக் கவனமாக் கேளுங்க. மனுதாரருக்கும் அவரைச் சார்ந்திருப்பவர்களுக்கும் போதுமான, நிச்சயமான வருமானம் இருக்க வேண்டும், அல்லது தகுந்த தொழிலோ வேலையோ வேறு சட்டபூர்வமான வாழ்வாதாரமோ இருக்க வேண்டும். ஸ்பவுஸ் விசா படிவத்துல அக்கா படிச்சிட்டிருந்த அதே விஷயம், எழுபத்தஞ்சு வருஷம் முன்னாடி.

மூன்றாவது நிபந்தனை மனைவியைப் பற்றியது. கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அவள் இலங்கைக்கு வந்திருக்க வேண்டும், அதிலிருந்து தொடர்ச்சியாக அங்கேயே இருந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் பிறந்து ஒரு வருடத்துக்குள். ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தால் பன்னிரண்டு மாதம் வரை மன்னிப்பு உண்டு. அதைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்தது.

இதை எழுதினவங்களுக்கு நம்ம ஊர் கல்யாணம் தெரியாதுன்னுதான் எனக்குத் தோணுது. சாஃப்ட்வேர்ல எட்ஜ் கேஸ்னு சொல்வோம், எப்பவாவது நடக்கற விதிவிலக்கு. இங்கே எட்ஜ் கேஸ்தான் வாழ்க்கையே. ஒரு உதாரணம் கற்பனை பண்ணுங்க. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் பையன். முதுகுளத்தூர் பக்கம் வந்து கல்யாணம் பண்ணுகிறான். லீவு முடிந்து திரும்புகிறான். பொண்ணு மாமியாரைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். குழந்தைக்குப் பால் மறந்த பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறுகிறாள். கல்யாணமாகி ரெண்டு வருடம் ஓடியிருக்கும். சட்டப்படி, முதல் வருட நிபந்தனை போச்சு. அதற்குப் பிறகு பத்து வருடம் ஒன்றாகவே கொழுந்து கிள்ளியிருந்தாலும் அது கணக்கில் வராது.

எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தாலும், அதை நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? தோட்டத்துச் செக்ரோல், அதாவது வருகைப் பதிவு. அதில் பெயர் கங்காணி சொன்னபடி இருக்கும். வீட்டில் கருப்பாயி, பதிவில் காளியம்மா. வீடு என்று சொல்வது தோட்டத்துக்குச் சொந்தமான லயன் அறை. வருமானம் என்பது நாள் கூலி. இருபது வருடம் குடும்பத்தைச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்களிடம், காப்பாற்ற முடியும் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள்.

மனு போட ரெண்டு வருட அவகாசம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். தொடக்கத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சட்டத்தைப் புறக்கணித்தது, பிறகு மனம் மாறி எல்லாரையும் மனு போடச் சொன்னது. ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள். மனைவி, பிள்ளைகளைச் சேர்த்தால் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். 1964 வரை குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

இடைப்பட்ட காலத்தில் கரையும் மூடிக்கொண்டது. ஆட்கள் சாதாரணமாகப் போய் வந்த கடலில் பாஸ்போர்ட்டும் அனுமதியும் வந்தன. காகிதம் இல்லாமல் வள்ளத்தில் கடந்தவர்களுக்கு 'கள்ளத்தோணி' என்று பெயர். பிறகு அது முறைப்படி கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகளையும் திட்டும் வார்த்தை ஆனது.

அழுகைக் கோச்சி

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேர் கதையை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கேயும் ஒரு பணக் கணக்கு இருந்தது. திரும்பி வருபவர்கள் சேமநல நிதி, பணிக்கொடை உட்பட சொத்துக்களைக் கொண்டுவரலாம், அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு. ஆனால் அந்த வரம்பு ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. ரெண்டு தலைமுறை உழைப்புக்கு ஒப்பந்தம் கொடுத்த உத்தரவாதம் அவ்வளவுதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி ரெண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. 'ராமானுஜம்' கப்பலில் வந்திறங்கியவர்கள் மறுபடியும் மண்டபம் முகாமுக்கே வந்தார்கள். பாட்டன் அம்மை குத்திக்கொண்டு புறப்பட்ட அதே இடம். அங்கிருந்து நீலகிரி, கொடைக்கானல் என்று பல திசைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டமான டான்டீ தொடங்கப்பட்டதே இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான்.

ஒரே குடும்பத்தில் வயது வந்த பிள்ளைகள் தனியாக மனு போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு இந்தியா, மகளுக்கு இலங்கை. அக்கா அங்கே, தம்பி இங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. கோச்சி என்றால் அங்கே ரயில். 1984 வாக்கில் போர் காரணமாகக் கப்பலும் நின்றது. இலங்கையில் தங்கிவிட்ட, நாடற்ற மீதி மக்களுக்குப் பொதுவாகக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003-ல்தான் வந்தது.

அப்போ, இப்போ

ரெண்டையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. அக்கா படிச்சவங்க, போறதும் போகாததும் அவங்க முடிவு. விசா கிடைக்கலைன்னா நாடில்லாம நிக்கப் போறதில்லை. தோட்டத்து மக்களுக்கு அப்படி இல்லை, அவங்க பிறந்த இடத்துலயே தகுதி கேட்டாங்க.

ஆனா கேள்வியோட வடிவம் ஒண்ணுதான். குடும்பத்தைக் காப்பாத்த முடியுமான்னு கேக்கறது நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும், இந்த வருமான விதி நிறைய குடும்பங்களுக்குக் கஷ்டம் கொடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அடிப்படையில் சட்டவிரோதம் இல்லை என்றுதான் சொன்னது. துபாயில் வேலை பார்க்கும் நம்ம கீழக்கரைப் பையன்களுக்கும் இதே கதைதான். மனைவியைக் கூப்பிட மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம், தங்குமிடம் இருந்தா 3,000. மனைவிக்கு ஹெல்த் இன்சூரன்ஸும் கூப்பிடறவர்தான் எடுக்கணும். அதுக்குக் கீழே சம்பளம் வாங்கறவர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வர்ற புருஷன்.

படிவம் பார்க்கறது குடும்பம் நடத்தற திறமையை இல்ல, அந்தத் திறமை காகிதத்துல பதிவாகியிருக்கான்னுதான். அதனால அடிபடறவங்க எப்பவும் ஒரே மாதிரி ஆட்கள். கையில காசு வாங்கற கூலி, ஒப்பந்த வேலை, ஷிஃப்ட் வேலை, அப்புறம் பொம்பளைங்களோட சம்பாத்தியம். கொழுந்து கிள்ளினவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். ஆனா 1949 சட்டத்துல புருஷனோட மனுவுல அவங்க மனைவி, அவ்வளவுதான். 2024-ல எங்க அக்காவோட சம்பளமும் அந்த மாதிரிதான் காணாமப் போச்சு.

அக்காவுக்கு விசா வந்துடுச்சு. கல்யாணமாகிப் பதினாலு மாசம் கழிச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி ராமேஸ்வரம் கோயிலுக்குப் போயிட்டு வரணும்னு அப்பத்தா சொன்னாங்க. 2025-ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துல ரயில்ல போனோம். மண்டபம் கேம்ப் ஸ்டேஷன் வந்ததும் அப்பத்தா ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "எங்கப்பாவ இங்கதான் ஒரு வாரம் ஒக்காத்தி வச்சிருந்தாகளாம்" அப்படின்னாங்க. அக்கா மடியில அந்த ஃபைல் இருந்துச்சு. கோயிலுக்கு எதுக்குக்கா ஃபைல்னு கேட்டேன். "பழகிப் போச்சுடா தம்பி, விட்டுட்டு வரப் பயமா இருக்கு"ன்னாங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில சிலோன் காலத்துப் பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சீட்டு, குடும்ப அட்டை ஏதாவது இருந்தா, சுத்தம் பண்றேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. போட்டோ எடுத்து வைங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட அது என்ன காகிதம்னு ஒரு தடவை கேளுங்க, அவங்க சொல்றதைப் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அந்தக் காகிதம் இல்லாததால எத்தனை பேர் வாழ்க்கை மாறிச்சுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.